மடக்கு மேசைக்கு அடியில் இருக்கும் ரகசியம்: 250 ஆண்டு பழைய அமெரிக்க மகோகனி மேசைக்கு ஏன் இவ்வளவு மவுசு? போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

சின்ன ஃபிளாட்டில் இடம் பத்தலை என்று, சாப்பிடும்போது மட்டும் விரித்துக்கொள்ளும் மடக்கு டைனிங் டேபிளை இன்று பலரும் வாங்குகிறோம். ஏதோ புது கண்டுபிடிப்பு மாதிரி விளம்பரமும் வருகிறது. ஆனால் இந்த ஐடியா 300 வருஷத்துக்கும் மேல் பழசு.

அமெரிக்கா பிரிட்டனின் கீழ் 13 காலனிகளாக இருந்த காலத்தில், பாஸ்டன், நியூபோர்ட், நியூயார்க், பிலடெல்பியா போன்ற துறைமுக நகரங்களில் இதே மாதிரி மேசைகளை கையாலேயே செய்தார்கள். செந்நிற மகோகனி மரம், வளைந்த கால்கள், காலில் செதுக்கு வேலைப்பாடு என்று ஒவ்வொன்றும் அந்தக் காலத்து பணக்கார வீட்டின் அடையாளம். அவற்றில் ஒன்று இன்று ஏலத்துக்கு வந்தால் வாங்குபவர் முதலில் கேட்பது "எவ்வளவு அழகா இருக்கு?" என்று அல்ல. "தலைகீழா திருப்பிக் காட்டுங்க" என்றுதான் கேட்பார்.

ஏன்? மேசையின் உண்மை எல்லாம் அடியில்தான் இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

சுருக்கமாக

- நடுவில் ஒரு பலகை, இரு பக்கமும் கீழே தொங்கும் பலகைகள் கொண்ட மேசைதான் 'டிராப் லீஃப்' மேசை.
- மகோகனி அமெரிக்கக் காலனிகளில் விளைந்தது அல்ல. ஜமைக்கா, கியூபா, ஹோண்டுராஸ் வளைகுடா பகுதிகளிலிருந்து கப்பலில் வந்தது. வெட்டியவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்க அடிமைத் தொழிலாளர்கள்.
- வெளியே தெரியும் செதுக்கு வேலையை பிற்காலத்தில் சேர்க்க முடியும். உள்ளே இருக்கும் மரம், ரம்பத் தடம், திருகு, கீல் ஓட்டை ஆகியவற்றை ஏமாற்றுவது கஷ்டம்.
- சுத்தம் செய்கிறேன் என்று சுரண்டி புது பாலிஷ் போட்டால் மதிப்பு பெருமளவு போய்விடும்.

டிராப் லீஃப் மேசை என்றால் என்ன?

மூன்று பலகை கொண்ட மேசை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பலகை நிலையாக இருக்கும். அதன் இரு பக்கமும் கீல் போட்டு ஒவ்வொரு பலகை இணைத்திருப்பார்கள். வேண்டாத நேரத்தில் இரண்டும் செங்குத்தாகத் தொங்கும். அப்போது மேசை ஒல்லியாகிவிடும், சுவரோரமாகத் தள்ளி வைத்துவிடலாம். சாப்பாட்டு நேரத்தில் பலகையைத் தூக்கி, அதற்கு அடியில் ஒரு காலை நகர்த்தி முட்டுக் கொடுத்தால் முழு வட்டமாகவோ, நீள்வட்டமாகவோ, சதுரமாகவோ மேசை விரிந்துவிடும்.

இந்த முட்டுக் கொடுக்கும் முறையை வைத்தே மேசை எந்தக் காலத்தது என்று ஓரளவு சொல்லலாம்.

1600களின் கடைசியிலும் 1700களின் தொடக்கத்திலும் வந்தவற்றில் கால்கள் கடைசல் பிடித்தவை. நகரும் கால் ஒரு சின்ன வாசல் கேட் மாதிரி, மேலும் கீழும் சட்டம் போட்டுத் திறக்கும். இதை 'கேட் லெக்' என்கிறார்கள். அன்று இதற்கு வால்நட், மேப்பிள் மரங்களே அதிகம் பயன்பட்டன.

1730களுக்குப் பிறகு ஃபேஷன் மாறியது. கீழ்ச்சட்டம் போய்விட்டது. 'எஸ்' எழுத்து மாதிரி வளைந்த, 'கேப்ரியோல்' எனப்படும் கால்கள் வந்தன. பொதுவாக நான்கு கால்கள். அதில் இரண்டு நிலையானவை, மூலைக்கு மூலை எதிரெதிரே இருக்கும் மற்ற இரண்டு வெளியே நகரும். நகரும் கால் மேசைச் சட்டத்தோடு மரத்தாலேயே செய்த கீலில் சுழலும். விரல்களைக் கோத்த மாதிரி இரு கட்டைகளையும் பல் பல்லாக வெட்டிப் பொருத்தி, நடுவில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகியிருப்பார்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. நடுப்பலகையின் விளிம்பு வெளிப்பக்கம் உருண்டிருக்கும். தொங்கும் பலகையின் விளிம்பு அதற்குப் பொருந்துவது போல உட்பக்கம் குழிந்திருக்கும். அதனால் பலகை தொங்கும்போதும் இடைவெளி தெரியாது, கீலும் தெரியாது. தச்சர்களின் மடக்கு அளவுகோலில் இருக்கும் மூட்டு மாதிரி இருப்பதால் இதற்கு 'ரூல் ஜாயிண்ட்' என்று பெயர்.

அன்று ஏன் இப்படி ஒரு மேசை தேவைப்பட்டது?

அன்றைய வீடுகளில் 'சாப்பாட்டு அறை' என்று தனியாக ஒன்று இருப்பது அபூர்வம். ஒரே அறையில் சாப்பிடுவார்கள், விருந்தாளியை உட்கார வைப்பார்கள், சில வீடுகளில் கட்டிலும் அங்கேயே இருக்கும். மேசை எப்போதும் நடுவில் நின்றால் நடமாட முடியாது. அதனால் வேலை முடிந்ததும் மடக்கி ஓரத்தில் வைக்க வேண்டியிருந்தது.

கூட்டம் அதிகமானால் இரண்டு மேசையை பக்கத்தில் பக்கத்தில் போட்டு நீட்டிக்கொள்ளவும் செய்தார்கள். நம்ம ஊர் கல்யாணப் பந்தியில் மேசையை அடுக்கடுக்காகப் போடுகிற அதே கணக்குதான்.

ஆக, இது முதலில் இடத்தை மிச்சம் பண்ணுவதற்காக வந்த சாமான். அந்தஸ்தைக் காட்டும் பொருளாக அதை மாற்றியது இரண்டு விஷயம்: மகோகனி மரம், செதுக்கு வேலை.

ஏன் மகோகனி?

அமெரிக்காவில் நல்ல மரத்துக்குப் பஞ்சமே இல்லை. வால்நட், மேப்பிள், செர்ரி எல்லாம் உள்ளூரிலேயே கிடைத்தன. இருந்தும் கடல் கடந்து வந்த மகோகனியை ஏன் தேடினார்கள்? நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது, அகலம். பல நூறு ஆண்டு வளர்ந்த பெரிய மரங்களிலிருந்து அறுத்ததால், ஒட்டு போடாத ஒரே பலகையிலேயே மேசையின் ஒரு பக்கத்தை முடித்துவிட முடிந்தது.

இரண்டாவது, நிலைத்தன்மை. பருவம் மாறினாலும் மகோகனி அதிகமாக முறுக்கிக்கொள்ளாது, வளையாது. கீலில் தொங்கும் பலகைக்கு இது ரொம்ப முக்கியம். பலகை லேசாக வளைந்தாலும் மூட்டு பொருந்தாது.

மூன்றாவது, உளிக்கு ஏற்ற மரம். நார் சீராக இருப்பதால் நுணுக்கமாகச் செதுக்கினாலும் ஓரம் பிய்ந்து வராது. இலை நரம்பு, சங்கு மடிப்பு எல்லாம் கூர்மையாக வரும்.

நான்காவது, நிறம். மெழுகும் எண்ணெயும் கைப்பழக்கமும் சேர்ந்து, காலம் போகப் போக ஆழமான செம்பழுப்பு நிறம் வந்துவிடும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அது மின்னும் அழகே தனி.

இதற்கு அரசியல் காரணமும் உண்டு. 1721-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், தன் அமெரிக்க, மேற்கிந்தியக் காலனிகளிலிருந்து பிரிட்டனுக்கு வரும் மரத்துக்கான இறக்குமதி வரியை நீக்கியது. அதன் பிறகு ஜமைக்கா மகோகனி வியாபாரம் சூடுபிடித்தது. வட அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து மீன், மாவு, கால்நடை எல்லாம் ஏற்றிக்கொண்டு மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன கப்பல்கள், திரும்பி வரும்போது சர்க்கரை, வெல்லப்பாகுடன் மகோகனிக் கட்டைகளையும் கொண்டுவந்தன.

அந்த மரத்தை வெட்டியது யார்?

பழம்பொருள் பட்டியல்களில் மேசை செய்த பட்டறையின் பெயர், முதலில் வாங்கிய வியாபாரியின் பெயர் எல்லாம் இருக்கும். மரத்தை வெட்டியவரின் பெயர் இருக்காது. ஏனென்றால் அவர் அடிமை. அவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஜமைக்காவில் கரும்புத் தோட்டத்துக்காகக் காட்டை அழித்தபோது முதலில் போனது மகோகனி. கரையோர மரங்கள் தீர்ந்ததும் மலைக்குள் போனார்கள். 1700களின் பிற்பாதியில் அங்கே நல்ல மரம் அரிதாகிவிட்டது. பார்வை ஹோண்டுராஸ் வளைகுடா பக்கம், அதாவது இன்றைய பெலிஸ் நாட்டின் பக்கம் திரும்பியது.

அங்கே வேலை நடந்த விதத்தை 1800களின் தொடக்கத்தில் வந்த குறிப்புகள் விவரிக்கின்றன. அனுபவம் வாய்ந்த ஒரு அடிமைத் தொழிலாளியை முதலில் காட்டுக்குள் அனுப்புவார்கள். அவர் உயரமான மரத்தில் ஏறி, இலையின் நிறத்தை வைத்தே மகோகனி எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பார். மகோகனியின் அடிப்பகுதி விழுதுபோல் அகன்று விரிந்திருக்கும். அதனால் தரையிலிருந்து 10 அடிக்கும் மேலே சாரம் கட்டி, அதில் நின்றபடி கோடரியால் வெட்டுவார்கள். கோடையில் பகல் வெயிலைத் தாங்க முடியாததால், தீப்பந்த வெளிச்சத்தில் இரவில் மாடுகளைப் பூட்டி ஆற்றங்கரைக்கு இழுப்பார்கள். மழை வந்து ஆறு பெருகியதும் கட்டைகளை மிதக்கவிட்டுக் கடலுக்குக் கொண்டுபோவார்கள்.

பெலிஸ் நாட்டின் கொடியைப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் ஒரு மகோகனி மரமும், இரு பக்கமும் கருவிகளோடு இரண்டு தொழிலாளிகளும் நிற்பார்கள். ஒரு நாட்டின் பிறப்பே இந்த மர வியாபாரத்தோடு பின்னிக் கிடக்கிறது.

பட்டறைக்குள்ளும் இதே கதை இருந்தது. தெற்கே சார்ல்ஸ்டன் நகரத்தில் தாமஸ் எல்ஃப் என்ற புகழ்பெற்ற தச்சர் இருந்தார். அவருடைய 1768 முதல் 1775 வரையிலான கணக்குப் புத்தகம் இன்றும் இருக்கிறது. கைத்தொழில் தெரிந்த அடிமைகளை அவர் சொந்தமாக வைத்திருந்தார். அப்படிப்பட்ட பட்டறையிலிருந்து வந்த ஒரு மேசையில் எந்தக் கையின் உளித்தடம் இருக்கிறது என்று இன்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

வரலாற்று ஆய்வாளர் ஜெனிஃபர் ஆண்டர்சன் இந்த மகோகனி வியாபாரத்தைப் பற்றியே 2012-ல் ஒரு புத்தகம் எழுதினார். ஆடம்பரப் பொருளின் விலையை யார் கொடுத்தார்கள் என்ற கேள்வி, இன்று அருங்காட்சியகங்களிலும் பேசப்படுகிறது.

செதுக்கு வேலையை வைத்து ஊரைச் சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். அன்று பெரும்பாலான தச்சர்கள் தங்கள் சாமான்களில் பெயர் எழுதவில்லை. அதனால் நிபுணர்கள் பார்ப்பது கைப்பழக்கத்தைத்தான். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பாணி இருந்தது. அது நன்றாகத் தெரிவது காலின் அடியில். பறவை நகம் ஒரு பந்தைக் கவ்விப் பிடித்திருப்பது மாதிரி செதுக்குவது அந்தக் காலத்து டிரெண்ட்.

- பாஸ்டன்: பக்கவாட்டு நகங்கள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும்.
- நியூயார்க்: பந்தும் நகமும் சேர்ந்து கொஞ்சம் சதுரமாக, கனமாகத் தெரியும்.
- பிலடெல்பியா: பந்து லேசாக அமுங்கியிருக்கும், நகம் அழுத்திப் பிடித்த மாதிரி இருக்கும்.
- நியூபோர்ட்: மிகச் சிறந்தவற்றில் நகத்துக்கும் பந்துக்கும் நடுவில் இடைவெளி விட்டுக் குடைந்திருப்பார்கள். கை கொஞ்சம் தவறினாலும் நகம் உடைந்துவிடும்.

நியூபோர்ட் வேலைக்குப் பெயர் வாங்கித் தந்தவை டவுன்சென்ட், கோடார்ட் என்ற இரண்டு தச்சர் குடும்பங்கள். இரண்டும் குவேக்கர் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவை, திருமண உறவால் இணைந்தவை. பிலடெல்பியாவில் தாமஸ் அஃப்லெக் போன்ற தச்சர்கள் இருந்தார்கள். செதுக்குவதற்கென்றே தனித் தொழிலாளிகள் அங்கே இருந்தார்கள். சிலர் லண்டனில் தொழில் கற்றவர்கள். லண்டன் தச்சர் தாமஸ் சிப்பென்டேல் 1754-ல் வெளியிட்ட டிசைன் புத்தகம் அட்லாண்டிக் தாண்டி வந்து இவர்கள் கைக்கும் கிடைத்தது. அதனால்தான் அந்தப் பாணிக்கே 'சிப்பென்டேல்' என்று பெயர்.

இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டிராப் லீஃப் மேசையில் பலகை தொங்கும்போது காலின் மேல்பகுதி மறைந்துவிடும். மறையும் இடத்தில் எதற்குச் செதுக்கு வேலை? அதனால் பெரும்பாலான மேசைகளில் கால்கள் வழவழப்பாகவே விடப்பட்டன. செதுக்கு வேலைக்குத் தனிக் கூலி. காலின் முட்டியில் சங்கோ, இலையோ செதுக்கச் சொன்னவர், அதற்கென்று கூடுதல் பணம் கொடுத்தவர். எனவே அசலாகச் செதுக்கிய டிராப் லீஃப் மேசை குறைவு. குறைவாக இருப்பதால்தான் விலை அதிகம். விலை அதிகம் என்பதால்தான் மோசடியும் அதிகம்.

அசலா, போலியா? அடியில் பார்க்க வேண்டிய 7 விஷயங்கள்

1876-ல் அமெரிக்க சுதந்திரத்தின் நூற்றாண்டை ஒட்டி பிலடெல்பியாவில் மாபெரும் கண்காட்சி நடந்தது. அதற்குப் பிறகு காலனி காலத்துச் சாமான்கள் மேல் பெரிய மோகம் கிளம்பியது. நகல்கள் ஏராளமாக வந்தன. அவற்றில் பல இன்று 100 வருஷத்தைத் தாண்டிவிட்டதால், பார்வைக்குப் பழசாகவே இருக்கும். ஏமாற்றும் எண்ணத்தோடு செய்யாதவைகூட கைமாறிக் கைமாறி 'அசல்' ஆகிவிடுவது உண்டு. சரி, எப்படிப் பிரிப்பது?

1. காலின் செதுக்கு மேலே நிற்கிறதா, உள்ளே போகிறதா? செதுக்கப் போகிறோம் என்று தெரிந்த தச்சர், அந்த இடத்தில் மரத்தைக் கொஞ்சம் தடிமனாக விடுவார். அதனால் அசல் செதுக்கு, காலின் பரப்பைவிட மேலே எழும்பி நிற்கும். வழவழப்பாக இருந்த காலில் பிற்காலத்தில் செதுக்கினால் மரம் போதாது. அப்போது செதுக்கு உள்ளே குழிந்து போயிருக்கும். விரலால் தடவினாலே தெரியும்.

2. வட்டம் உண்மையில் வட்டமா? மரம் காய்ந்து சுருங்கும்போது நார் ஓடும் திசையில் சுருங்காது, குறுக்கே சுருங்கும். 250 வருஷத்தில் வட்ட மேசை லேசாக முட்டை வடிவமாகிவிடும். டேப் எடுத்து நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளந்து பாருங்கள். இரண்டும் மில்லிமீட்டர்கூட மாறாமல் இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

3. உள்ளே என்ன மரம்? வெளியேதான் மகோகனி. விலை மிச்சமாக, கண்ணுக்குத் தெரியாத உட்சட்டங்களுக்கு உள்ளூர் மரத்தைப் போட்டார்கள். நியூ இங்கிலாந்து பகுதியில் வெள்ளை பைன், மேப்பிள். பிலடெல்பியாவில் துலிப் பாப்ளர். உள்ளே ஓக் மட்டுமே இருந்தால், மேசை இங்கிலாந்திலோ அயர்லாந்திலோ செய்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அதே காலத்து அமெரிக்க மேசைக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்பதால், இங்கிலாந்து மேசையை அமெரிக்க மேசை என்று சொல்லி விற்பது பழைய தந்திரம். சந்தேகம் இருந்தால் ஒரு சிறு துணுக்கை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து மர வகையைச் சொல்லிவிடலாம்.

4. ரம்பத் தடம் எப்படி இருக்கிறது? அன்று கையால் இழுக்கும் ரம்பமும், மேலும் கீழும் போய்வரும் ரம்பமும்தான். அதன் கோடுகள் நேராக இருக்கும். வளைந்த வட்டக் கோடுகள் தெரிந்தால் அது வட்ட ரம்பம், 1800களில்தான் பரவலானது. கையால் இழைத்த பலகையின் அடிப்பக்கத்தைத் தடவினால் லேசான அலை மாதிரி மேடு பள்ளம் விரலுக்குத் தட்டும்.

5. திருகும் ஆணியும். 1700களின் திருகு கையால் செய்தது. முனை மொட்டையாக இருக்கும், தலையில் உள்ள வெட்டு நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருக்கும். கூர்முனைத் திருகு 1840களுக்குப் பிறகு வந்த இயந்திரச் சரக்கு. ஆணியும் அப்படித்தான், கொல்லர் அடித்த ஆணியின் தலை சுத்தியடி பட்டுப் பூ மாதிரி இருக்கும். ஆனால் பழைய ஆணியைக் கழற்றி புது மேசையில் அடிப்பவர்களும் உண்டு. எனவே இதை மட்டும் நம்பக் கூடாது.

6. கீல் ஓட்டை எத்தனை? பலகையும் சட்டமும் ஒன்றாகப் பிறந்தவை என்றால் கீலுக்கு ஒரே ஒரு செட் ஓட்டைதான் இருக்கும். பக்கத்தில் அடைத்த பழைய ஓட்டைகள் தெரிந்தால், கீலை மாற்றியிருக்கலாம். இல்லை, வேறு மேசையின் பலகையைக் கொண்டுவந்து பொருத்தியிருக்கலாம். இரண்டு மேசையை ஒன்றாக்கும் இந்த வேலைக்கு வியாபாரிகள் வைத்திருக்கும் பெயர் 'கல்யாணம்'. இந்தக் கல்யாணத்தில் மதிப்பு கூடாது, குறையும்.

7. நகரும் கால் போட்ட கோடு. இதுதான் பலரும் கவனிக்காத தடயம். ஒவ்வொரு முறை மேசையை விரிக்கும்போதும் நகரும் காலின் மேல்பக்கம் பலகையின் அடியில் உரசும். தலைமுறை தலைமுறையாக உரசி உரசி வில் வடிவத்தில் ஒரு தேய்மானம் விழுந்திருக்கும். கால் வந்து நிற்கும் இடத்தோடு அந்தக் கோடு பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் பலகை வேறு, கால் வேறு.

இவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. ஏழும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

நிபுணர்களே ஏமாந்ததுண்டா?

உண்டு. இது மேசை இல்லை, நாற்காலி. ஆனால் பாடம் ஒன்றுதான்.

ரோட் ஐலண்ட் மாநிலத்தைச் சேர்ந்த சிற்பி அர்மண்ட் லாமொன்டேன், 1969-ல் ஒரு நாற்காலியைச் செய்தார். 1600களில் செய்ததைப் போலவே இருந்த அந்த நாற்காலிக்கு அடிபட்ட, பழுதடைந்த தோற்றத்தையும் கொண்டுவந்தார். நிபுணர்களை ஏமாற்ற முடியுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். நாற்காலி கை மாறி, 1970களில் மிச்சிகனில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்கே போய்விட்டது. கொடுத்த விலை 9,000 டாலர்.

1977-ல் உண்மை வெளியே வந்தது. மூட்டுகளுக்குள், வெளியே தெரியாத துளைகளை அவர் வேண்டுமென்றே நவீன டிரில் முனையால் போட்டிருந்தார். எக்ஸ்ரே எடுத்தபோது அது தெரிந்தது. மாட்டிக்கொடுத்தது வெளித்தோற்றம் அல்ல, உள்ளே இருந்த ஓட்டை. அருங்காட்சியகம் அந்த நாற்காலியைத் தூக்கிப் போடவில்லை. போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லிக்கொடுக்க வைத்துக்கொண்டது.

விலை எவ்வளவு போகும்?

இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் இரண்டு சம்பவங்களைப் பார்க்கலாம்.

1989-ல் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில், நியூபோர்ட்டில் பிரவுன் குடும்பத்துக்காகச் செய்த மகோகனி மேசை-அலமாரி ஒன்று 1 கோடியே 21 லட்சம் டாலருக்குப் போனது. மரச்சாமான் ஒன்றுக்கு அதுவரை உலகில் யாரும் கொடுக்காத விலை அது.

அடுத்தது 1998. ஒரு பெண்மணி, வீட்டு வாசலில் பழைய சாமான் விற்ற இடத்தில் 25 டாலருக்கு ஒரு அரைவட்ட சீட்டாட்ட மேசையை வாங்கியிருந்தார். அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் நிபுணர்கள் அதைப் பார்த்து அசந்துபோனார்கள். சோத்பீஸ் ஏலத்தில் அது 5 லட்சத்து 41 ஆயிரத்து 500 டாலருக்குப் போனது. இந்த மேசை காலனி காலம் முடிந்து, 1790களை ஒட்டிச் செய்தது. ஆனால் காட்டிக்கொடுத்தது வழக்கமான இடம்தான். அடியில் 'ஜான் சீமோர் அண்ட் சன்' என்ற பாஸ்டன் பட்டறையின் காகித லேபிள் ஒட்டியிருந்தது.

இதைப் படித்துவிட்டு எல்லா பழைய மேசையும் கோடிக்குப் போகும் என்று நினைத்துவிடாதீர்கள். 2000களுக்குப் பிறகு செம்பழுப்பு நிறப் பழைய மரச்சாமான்களின் சந்தை நன்றாகவே சரிந்துவிட்டது. இளைய தலைமுறைக்கு எடை குறைந்த, நவீன சாமான்கள்தான் பிடிக்கின்றன. செதுக்கு வேலை இல்லாத, பழுது பார்த்த சாதாரண டிராப் லீஃப் மேசை இன்று சில நூறு டாலரிலிருந்து சில ஆயிரம் டாலருக்குள்ளேயே கிடைக்கிறது. ஊர், பட்டறை, அசல் செதுக்கு, மாற்றாத பலகை, எந்தக் குடும்பத்திடம் இருந்தது என்ற ஆவணம், இவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால்தான் பெரிய விலை.

பளபளன்னு பாலிஷ் போடலாமா?

வேண்டவே வேண்டாம். பலரும் செய்யும் பெரிய தப்பு இதுதான்.

பழைய மேற்பரப்பு என்பது அழுக்கு அல்ல. மெழுகு, எண்ணெய், வெளிச்சம், கை பட்டுப் பட்டு வந்த தேய்மானம் எல்லாம் சேர்ந்து உருவான ஒரு படலம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அரை மணி நேரத்தில் போய்விடும். திரும்பக் கொண்டுவர இன்னொரு 200 வருஷம் வேண்டும்.

வீட்டில் இப்படி ஒரு மேசை இருந்தால் இதை மட்டும் செய்தால் போதும்:

- நேரடி வெயிலிலும், ஏசி காற்று நேராகப் படும் இடத்திலும் வைக்காதீர்கள்.
- மேசையைத் தூக்கும்போது தொங்கும் பலகையைப் பிடிக்காதீர்கள், நடுச்சட்டத்தைப் பிடியுங்கள். இழுத்துச் செல்லவே கூடாது.
- விரிக்கும்போது முதலில் பலகையை முழுசாகத் தூக்குங்கள், அப்புறம் காலை நகர்த்துங்கள். காலை வைத்துப் பலகையை நெம்பினால் கீல் பிய்ந்துவிடும்.
- உலர்ந்த மென்மையான துணியால் துடையுங்கள். எப்போதாவது கொஞ்சம் மெழுகு போடலாம்.
- உடைந்தால் நீங்களே ஆணி அடிக்காதீர்கள். உடைந்த துண்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

தாத்தா காலத்துத் தேக்கு மேசை வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

அந்த மகோகனி மரம் இன்று என்ன ஆனது?

வெட்டி வெட்டித் தீர்த்ததன் பலனை இன்று பார்க்கிறோம். மேற்கிந்தியத் தீவுகளின் மகோகனி வகை, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டீஸ்' சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 1992-ல் சேர்க்கப்பட்டது. மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் இருக்கும் பெரிய இலை மகோகனிக்கும் 2003 முதல் அதே கட்டுப்பாடு உண்டு. அன்று ஒரே பலகையில் மேசைப் பக்கத்தைச் செய்தார்களே, அந்த அகலத்தில் மரம் இன்று கிடைப்பதே அபூர்வம்.

இந்த மரத்துக்கும் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1795-ல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு மகோகனி கொண்டுவரப்பட்டது. பெரிய இலை வகை 1872-ல் வந்தது. இன்று தமிழ்நாட்டில் விவசாயிகள் வரப்போரமும் தோப்பாகவும் வளர்க்கிற மகோகனி இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். அடுத்த முறை நர்சரியில் அந்தக் கன்றைப் பார்த்தால், அதன் சொந்தக்காரர்கள் ஒரு காலத்தில் எந்தக் காட்டிலிருந்து யார் கையால் வெட்டுப்பட்டுப் போனார்கள் என்பது நினைவுக்கு வரலாம்.

எங்கே பார்க்கலாம்?

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் 'அமெரிக்கன் விங்', டெலவேரில் உள்ள விண்டர்தூர் அருங்காட்சியகம், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம், பிலடெல்பியா கலை அருங்காட்சியகம் ஆகியவற்றில் காலனி காலத்து மரச்சாமான்களின் பெரிய தொகுப்புகள் இருக்கின்றன. பல படங்களை இணையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். ரோட் ஐலண்டில் செய்த சாமான்களுக்கு என்றே யேல் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடம் தனி இணையத் தொகுப்பு வைத்திருக்கிறது.

நேரில் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் மேலே பளபளக்கும் பலகையோடு நின்றுவிடாதீர்கள். கொஞ்சம் குனிந்து அடியிலும் பாருங்கள். தச்சரின் ரம்பக் கோடும், நகரும் கால் தேய்த்த தடமும் அங்கே இருக்கும். அந்தப் பலகையை வெட்டி அனுப்பியவர்களைப் பற்றி மேசையில் ஒரு வரிகூட இருக்காது. அதை நாம்தான் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும்.